ஒரு கீர்த்தனைக்கு விக்கல் வந்தது குறித்து

1

இங்கே சொல்லப்போகும் நிகழ்ச்சிகள் தொடங்குவதற்கு முன் என் நிலை என்னவாக இருந்தது என்பதை முதலில் பதிவு செய்துவிடுகிறேன். நான் சித்தூரில் ஒரு கல்லூரியில் இயற்பியல் துறைத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவன். நம் சபையின் பாடகர் குழுவை, தலையில் முதல் நரை தோன்றும் முன்பிருந்து ஆஸ்திரேலியாவுக்கு விமானம் ஏறிய வாரம் வரை நடத்தியவன். என் கைக்குக் கீழே பாடியவர்களில் சுருதி பிசகியவர்கள் உண்டு. தாளம் தப்பியவர் எவரும் இல்லை. தப்ப நான் அனுமதித்ததில்லை. என் பெயர் பாக்கியநாதன் என்றாலும் சித்தூரில் அந்தப் பெயரைச் சொல்லி அழைத்தவர் எவரும் இல்லை. மாணவர், பாடகர், கடைக்காரர், போதகர் உட்பட எல்லோருக்கும் நான் 'சார்'தான்.

அறுப்பின் பண்டிகை மலருக்காக, "வெளிநாட்டுல எப்பிடி கீறீங்கன்னு நாலு பக்கம் எழுதிக் குடுங்க சார்" என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். எழுதுகிறேன். ஆனால் கடந்த பண்டிகைக்குப் பிறகு என்னைப் பற்றிச் சபையில் ஒரு பேச்சு உலவுகிறது. அதற்குப் பதில் சொல்லாமல் மெல்பர்னின் பூங்காக்களை வருணித்துக்கொண்டிருப்பது என் இயல்புக்குப் பொருந்தாது. ஆகவே இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

2

மெல்பர்னின் புறநகர் ஒன்றில் மகள் வீட்டில் நானும் என் மனைவி எஸ்தரும் வசிக்கிறோம். காலையில் கஞ்சி, பிறகு நடை, பிறகு நூலகம். ஓடைக்கரை ஓரமாக ஒரு பாதை உண்டு. அதில் நடக்கும்போது என் கோட்டுப் பையில் கையடக்க சிடி பிளேயர் ஒன்று இருக்கும், காதில் அதன் ஒயர் இருக்கும். எதிரே வருபவர்களில் இளையோர் அதைப் பார்த்துப் புன்னகைப்பார்கள். முதியவர்கள் நின்று, "இது இன்னும் கிடைக்கிறதா?" என்று கேட்பார்கள். கிடைக்கிறது.

கைப்பேசியில் உலகத்துப் பாட்டெல்லாம் இருக்கிறதே என்று மகள் சொல்கிறாள். இருக்கிறது. ஆனால் ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்து நான் எதைக் கேட்கவேண்டும் என்று அதுவே முடிவு செய்கிறது. பாடகர் குழு நடத்தியவனுக்கு இது ஏற்புடையதன்று. வட்டத்தட்டில் பாட்டுகள் ஒரு வரிசையில் இருக்கின்றன. யாரோ யோசித்து வைத்த வரிசை அது, அந்த வரிசையிலேயே கேட்கிறேன்.

இந்த பிளேயரை மகள் என் பிறந்தநாளுக்கு இணையத்தில் வாங்கித் தந்தாள். முதலில் வந்த பெட்டி, நிறுத்திவிட்டுத் திரும்ப இயக்கினால் ஒவ்வொரு முறையும் முதல் பாட்டுக்கே போயிற்று. உற்பத்தியாளருக்கு முறைப்படி, பத்தி பிரித்து, ஆங்கிலத்தில் எழுதினேன். உடனே பதில் வந்தது: "ஹாய் பாக்கியா! இன்று உங்கள் நாள் எப்படிப் போகிறது?"

எஸ்தர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். "பாக்கியாவாமே! ஊர்ல ஒருத்தருக்காவது உங்கள அப்பிடிக் கூப்பிட தைரியம் இருந்துச்சா? நானே கூப்பிட்டதில்லையே!"

பெட்டியை மாற்றித் தந்தார்கள் என்பதையும் நேர்மைக்காகச் சொல்லவேண்டும். புதியது நன்றாக உழைக்கிறது. ஒரே ஒரு குறை. ஓடைமேல் மரப்பலகைப் பாலம் ஒன்று இருக்கிறது. அதில் என் காலடி அதிர்ந்தால் உள்ளே தட்டைப் படிக்கும் ஒளிக்கதிர் இடம் தவறுகிறது. 'க்' என்று ஒரு சின்ன விக்கல், பிறகு பாட்டு சற்றுத் தள்ளிப் போய்த் தொடர்கிறது. அதைத் தடுக்க ஆன்டி ஷாக் என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் பேட்டரி விரைவில் தீரும். ஆகவே பாலத்தில் மட்டும் அழுத்துகிறேன். சில நாள் மறந்தும் போகிறேன். அந்த விக்கலின் ஒலி எனக்கு மிக நன்றாகத் தெரியும் என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பேத்தி ஹன்னா எப்போதாவது என்னோடு நடக்க வருவாள். அவள் என்னோடு பேசும் தமிழில் வினைச்சொற்கள் உதிர்ந்துவிட்டன. "தாத்தா, வாக்?" என்பாள். "தாத்தா, தோசை?" என்பாள். ஒருநாள் ஒரு இசைத்தட்டை அவளிடம் கொடுத்து, "இந்தத் தட்டைச் சுத்தம் செய்து வை, அம்மா" என்றேன். தட்டு என்றால் சாப்பிடுகிற தட்டுதான் என்று அவளுக்குத் தெரியும். பாத்திரம் கழுவும் இயந்திரத்தில், கிண்ணங்களுக்கு நடுவே, ஒழுங்காகச் செருகி ஓடவிட்டாள். சொன்னதைச் செய்த பிள்ளையை நான் கடிந்துகொள்ளவில்லை. தட்டு இன்றும் பாடுகிறது.

3

நம் பாடகர் குழு திருப்பதியில் ஒலிப்பதிவு செய்த தட்டு ஒன்று உண்டு. மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். திருப்பதியில்தான் அப்போது நல்ல ஒலிப்பதிவுக் கூடம் இருந்தது. அதன் உரிமையாளர் நெற்றியில் நாமம் அணிந்தவர். நாங்கள் பாடி முடித்ததும் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து எழுந்து வந்து, "சார், மீ வாள்ளு ஒக்க தட்டு கூட தப்பலேது" என்று என் கையைக் குலுக்கினார். ஒரு தட்டுகூடத் தாளம் தவறவில்லை என்று பொருள். நான் அதை மறுக்கவில்லை.

அந்தத் தட்டின் மகுடம், சித்தூரை அடுத்த குடிபாலாவில் உபதேசியாராக, அதாவது ஊர்ச் சபையில் வேதம் போதிப்பவராக, இருந்த பெரியவர் எழுதிய அறுப்புப் பண்டிகைக் கீர்த்தனை. அச்சிட்ட பாட்டுப்புத்தகம் எதிலும் அது கிடையாது. நம் சபைக்கு மட்டும் சொந்தமான பாட்டு. ஒலிப்பதிவுக்குப் பிறகு புதுப் பாட்டுகள் வந்து அதைப் பாடாமலே விட்டுவிட்டோம்; தட்டிலும் இன்று எஞ்சியிருப்பது என் பிரதி ஒன்றே. கல்லடர்ந்த மேட்டு நிலத்தைக் கையாலேயே திருத்தி, அதில் முதன்முதலாகக் கரும்பு வைத்து, அந்தக் கரும்பைத் தோளில் சுமந்து வந்து பீடத்தருகே சாத்திய ஆண்டு அவர் அதை இயற்றினார். அதன் சரணம் இது:

கல்லும் முள்ளும் களைந்து தந்தீர்
நெல்லும் கரும்பும் நிறையத் தந்தீர்

தட்டு வெளிவந்த வாரம், அதைக் கேட்பதற்கென்றே திருப்பதியில் ஒரு கடையில் என் முதல் பிளேயரை வாங்கினேன். கடைக்காரர் தமிழும் தெலுங்கும் கலந்து சத்தியம் செய்தார்: "சார், இத பேண்ட் பாக்கெட்ல போட்டுக்கினு பரிகெத்தண்டி, ஒக்க பாட்டு கூட கட் ஆவாது!"

ஓடிப்பாருங்கள் என்று ஒரு வாடிக்கையாளரிடம் சொன்னால் அவர் ஓடமாட்டார் என்பது வியாபாரிகளின் நம்பிக்கை. நான் ஓடவில்லைதான். ஆனால் பிளேயரைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் கடைப் படிகளில் ஏறி இறங்கினேன். மூன்றாம் படியில் விக்கிற்று. கடைக்காரர் முகத்தைப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்தார். குறை தெரிந்தே, விலையைக் குறைத்து, வாங்கினேன். வீட்டுக்கு வந்ததும் மூடியின்மேல், தட்டெழுத்துப்போல் தெளிவான எழுத்தில், ஒரு சீட்டு எழுதி ஒட்டினேன்: 'மேசையின்மேல் அசையாமல் வைத்துக் கேட்கவும்.' தமிழில் எழுதினேன். சபையின் பாட்டுகள் தமிழ், சபையின் பேச்சு தமிழ். வேறெந்த மொழியில் எழுதுவது?

புறப்படும்போது அந்த பிளேயரும் உள்ளிருந்த தட்டும் என்னோடு வந்திருக்கவேண்டியவை. கடைசி வாரம் திருப்பதியில் மருமகனின் தந்தை, என் சம்பந்தி, வீட்டில் தங்கினோம். பெட்டி எடை கூடிவிட்டது. எஸ்தர் பிளேயரை எடுத்து வெளியே வைத்துவிட்டு அந்த இடத்தில் மாங்காய் ஊறுகாய் ஜாடியை வைத்தாள். "பாட்ட அங்கயும் கேட்டுக்கலாம். இந்த மாங்கா அங்க கெடைக்குமா?" என்றாள். சம்பந்தி, "நேனு தெஸ்தானு பாவகாரு" என்றார். தாமே கொண்டு வருவதாக அர்த்தம்.

4

சென்ற ஆண்டு பண்டிகை ஆராதனையை நேரலையில் பார்த்தோம். சித்தூரில் காலை, இங்கே பிற்பகல். மகள் அதைத் தொலைக்காட்சியில் பெரிதாகப் போட்டுக்கொடுத்தாள். பீடத்தருகே பூசணி, வாழைத்தார், வேர்க்கடலைக் கொடி எல்லாம் அழகாக அடுக்கியிருந்தன. நான் வளர்த்த குழு, என் இடத்தில் இப்போது நிற்கும் தேவசகாயத்தின் கையசைவில் எழுந்து நின்றது. தேவசகாயம் மண்டல அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். நல்ல குரல், நல்ல மனம். பல்லவி தொடங்கியதும் எஸ்தர் குழுவில் பாடிய பழக்கத்தில் சோபாவிலிருந்தே ஆல்டோ என்னும் இரண்டாம் குரலைப் பாடத் தொடங்கினாள்.

சரணம் வந்தது.

கல்லும் முள்ளும், 'க்', நிறையத் தந்தீர்.

எஸ்தர் பாட்டை நிறுத்தினாள். "இன்னாங்க இது? நெல்லு எங்க?"

நெல்லும் இல்லை, கரும்பும் இல்லை. கல்லையும் முள்ளையும் நிறையத் தந்ததற்காக, பூசணிக்காய்களுக்கு முன் நின்று, நம் சபை ஆண்டவருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் அத்தனை தொண்டைகளும் ஒன்றாக ஒரு விக்கல் விக்கின. ஒருவர்கூட முந்தவில்லை, பிந்தவில்லை. பயிற்சி குறைவில்லை என்பதை ஒரு நடத்துனனாக ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

பிறகு போதகர் எழுந்தார். நம் முன்னோர் கல்லையும் முள்ளையும்கூட ஈவாகப் பெற்றுக்கொண்டார்கள், நாமோ நெல்லை மட்டும் கேட்கிறோம் என்று பிரசங்கித்தார். முன்வரிசையில் பலர் கண்ணைத் துடைத்தார்கள்.

அன்று மாலை தேவசகாயத்தை அழைத்தேன்.

"சார்! பாத்தீங்களா? எப்பிடி சார் இருந்துச்சு?"

"சரணத்தில் ஓர் அடி எங்கே?"

"எந்த அடி சார்?"

"களைந்து தந்தீர், நெல்லும் கரும்பும்."

"சார், நீங்க பாடினதத்தான் சார் நாங்க பாடிக்கினு கீறோம். தட்டுல அப்பிடித்தான கீது? அந்த எடத்துல 'க்'ன்னு ஒரு கமகம் வெச்சிருக்கீங்களே, அதுக்கே பசங்க ரெண்டு வாரம் ப்ராக்டீஸ் பண்ணாங்க சார். ஆல்டோவுக்கு வரவேயில்ல. அப்புறம் தண்ணி குடிக்க வெச்சி, மூச்சப் புடிக்க வெச்சி…"

"நான் எந்தக் கமகமும் வைக்கவில்லை."

"சும்மா சொல்றீங்க சார்." குரலில் பெருமிதமே தவிர வேறொன்றுமில்லை. "நேரலை முடிஞ்சப்புறம் போதகர் ஐயாவே கேட்டாரு, இந்த ஆழமான அர்த்தம் யாரு வெச்சதுன்னு. முன்ன பாட்டு கொஞ்சம் நீளமா இருந்துச்சேன்னு பெரியவங்களும் கேட்டாங்க. எங்க சார்தான், உபதேசியார் பாட்ட சுருக்கி, அர்த்தம் ஏத்தி வெச்சாருன்னு சொன்னேன். எல்லாரும் கை தட்டினாங்க சார்."

இதுவே அந்தப் பேச்சு. என் மாணவன் என்மேல் அன்புகொண்டு பரப்பியது. அந்தக் கைதட்டலைக் கேட்டு எழுந்து வெளியே போனவர் ஒருவர் உண்டு. குடிபாலாவிலிருந்து பண்டிகைக்கு வந்திருந்த ரூத்தம்மா, உபதேசியாரின் பேத்தி, ஓய்வுபெற்ற ஆசிரியை. அவர் காணிக்கையாகக் கொண்டுவந்தது கரும்பு. அதைப் பீடத்தருகே சாத்தாமல் திரும்ப எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார் என்று எஸ்தரின் தங்கை சொன்னாள். "சார் பெரிய படிப்பு படிச்சவரு, எங்க தாத்தா எழுதினது அவருக்குப் போதலபோல. வெட்டிட்டாரு" என்று பஸ் நிறுத்தத்தில் சொன்னாராம். அதன்பிறகு எந்த ஞாயிறும் அவர் கோயிலுக்கு வரவில்லை.

தாளம் தப்பினேன் என்று யாரேனும் சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். இறந்துபோன ஒரு மனிதனின் கரும்பை வெட்டினேன் என்பதை என்னால் விட்டுவிட முடியவில்லை.

5

தட்டு எப்படி தேவசகாயத்திடம் போயிற்று? அது திருப்பதியில் சம்பந்தி வீட்டில் அல்லவா இருக்கவேண்டும்? சம்பந்தியை அழைத்தேன்.

"அதேண்டி பாவகாரு, மீரே கதா ஒத்தன்னாரு?" என்றார். நீங்கள்தானே வேண்டாம் என்றீர்கள் என்று கேட்கிறார்!

இதை விளக்கவேண்டியது வெளிமாவட்டத்து வாசகர்களுக்காக மட்டுமே. சித்தூர்க்காரர்கள் இதற்குள் சிரித்திருப்பார்கள். நாங்கள் இங்கே குடியேறிய புதிதில் சம்பந்தி தொலைபேசியில், "ஆ பிளேயரு, டிஸ்க்கு, மீக்கு அவசரமா அண்டி?" என்று கேட்டிருந்தார். நானும் அவர் மொழிக்கு மரியாதையாக, "அவசரம் லேதண்டி" என்று தெலுங்கில் பதில் சொல்லியிருந்தேன். தமிழில் அவசரம் என்றால் விரைவு. தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. மெதுவாகக் கொண்டு வாருங்கள் என்று நான் சொன்னேன். எனக்குத் தேவையே இல்லை என்று அவர் கேட்டார். பிறந்தது முதல் இரு மொழிக்கு நடுவே வாழ்ந்தவர்கள் நாங்கள். ஒரே வாக்கியத்தில் இரண்டு மொழியையும் கலந்து பேசிச் சந்தையில் ஏமாறாமல் வந்தவர்கள். இந்த ஒரு சொல் மட்டும் எங்கள் இருவருக்கும் நடுவே ஆள் மாறி நின்றுவிட்டது. சொல் சரியானது, வாக்கியம்தான் அயலூர்.

மொழி விஷயத்தில் இங்கே எனக்கு இது புதிதன்று. நான் ஆந்திரத்தில் பிறந்தவன் என்று கண்ட ஓர் அரசு அலுவலகம், என் வசதிக்காகத் தெலுங்கு மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஏற்பாடு செய்தது. அந்த இளம்பெண் தெலுங்கில் கேட்டாள், நான் ஆங்கிலத்தில் பதில் சொன்னேன், அவள் அதையே ஆங்கிலத்தில் அதிகாரிக்குச் சொன்னாள், அவர் அவளுக்கு நன்றி சொன்னார். இங்குள்ள தமிழர் கூட்டங்களிலோ என் பேச்சைக் கேட்டதும், "நீங்க தெலுங்குக்காரங்களா?" என்கிறார்கள். எஸ்தர் அவர்களிடம், "ஆமாங்க, தமிழ் பேசற தெலுங்குக்காரங்க. சோறு துன்னும்போது மட்டும் தமிழ்" என்று சொல்லிவிட்டு வடையை எடுத்துக்கொள்வாள்.

கதைக்கு வருகிறேன். தேவசகாயம் மகனின் கல்லூரிச் சேர்க்கைக்காகத் திருப்பதி போனபோது, சாரின் சம்பந்தியைப் பார்க்காமல் வருவது மரியாதையல்ல என்று அவர் வீட்டுக்குப் போயிருக்கிறார். சம்பந்தி, சாருக்கு அவசரம் இல்லையாம் என்று சொல்லி, பிளேயரையும் தட்டையும் அவர் கையில் கொடுத்திருக்கிறார். சார் அந்தத் தட்டையே வேண்டாம் என்றாராம் என்ற பேச்சும் அவரோடு சபைக்கு வந்து சேர்ந்தது.

"அதை எங்கே வைத்துக் கேட்டீர்?" என்று தேவசகாயத்திடம் கேட்டேன்.

"பஸ்லதான் சார். சும்மாத்தான உக்காந்துகினு வரோம்னு, ஒரு ஒயரப் போட்டு அப்பிடியே மொபைல்ல காப்பி பண்ணிக்கினேன். சித்தூர் வர்றதுக்குள்ள மொத்தமும் ஏறிடுச்சு சார். அத்தத்தான் குரூப்ல போட்டேன். அத்தக் கேட்டுத்தான் எல்லாரும் கத்துக்கினாங்க."

"மூடியின்மேல் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறதே?"

"ஆமா சார். நீங்க எதோ வசனம் எழுதி ஒட்டி வெச்சிருக்கீங்கன்னு நெனச்சேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தேவசகாயத்துக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. குழுவில் இன்று பாடும் எவருக்குமே தெரியாது. எல்லோரும் தெலுங்குப் பள்ளியில் படித்தவர்கள். வீட்டில் தமிழில் சண்டையிடுகிறார்கள், தமிழில் ஜெபிக்கிறார்கள், தமிழ்க் கீர்த்தனையைத் தெலுங்கு எழுத்தில் எழுதிவைத்துப் பாடுகிறார்கள். இத்தனை ஆண்டும் அவர்கள் கையில் இருந்த தாள்களை நான் மேடையிலிருந்து பார்த்தேனே தவிர, எட்டிப்பார்த்ததில்லை. அவர்கள் உச்சரிப்பில் குறை இருந்ததில்லையாதலால் பார்க்கவேண்டிய தேவையும் எழவில்லை.

திருப்பதியிலிருந்து சித்தூருக்கு வரும் சாலையில் எத்தனை வேகத்தடை என்பது பஸ்ஸில் போனவர் இடுப்புக்குத் தெரியும். புதலப்பட்டு தாண்டியோ, அதற்கு முன்னோ, ஏதோ ஒன்றில் பஸ் ஏறி இறங்கியிருக்கிறது. 'முள்ளும்' என்ற இடத்தில் ஒளிக்கதிர் துள்ளி, 'நிறைய' என்ற இடத்தில் போய் அமர்ந்திருக்கிறது. இடையே விழுந்தது சரியாக ஒரு தாளச்சுற்று. அதனால்தான் தாளம் இடறவில்லை, ராகம் இடறவில்லை, ஒருவருக்கும் ஐயம் வரவில்லை. அரைச் சுற்று விழுந்திருந்தால் தேவசகாயம் அன்றே கண்டுபிடித்திருப்பார். அந்த அளவுக்கு நான் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

6

இதையெல்லாம் நான் சொன்னால் போதாது. ரூத்தம்மா காதால் கேட்கவேண்டும்.

"தட்டு எங்கே இருக்கிறது?" என்றேன்.

தேவசகாயம் எங்கள் உடல்நலம் விசாரித்தார்.

"தேவசகாயம்."

"பத்திரமாத்தான் சார் கீது. ப்ராக்டீஸ் ரூம்லதான். ஜன்னல்ல. புறா வந்து ஆர்மோனியத்துமேல அசிங்கம் பண்ணுது சார். பளபளன்னு எதனா தொங்கவிட்டா வராதுன்னு சொன்னாங்க. மொபைல்லதான் ஏத்தியாச்சேன்னு…"

என் பாடகர் குழு, என் பெயர் நடத்துனர் என்று அச்சிடப்பட்ட தட்டில், சரட்டில் கட்டப்பட்டுப் புறா ஓட்டிக்கொண்டிருந்தது.

"புறா வருதா?" என்று எஸ்தர் பின்னாலிருந்து கேட்டாள்.

"வர்றதில்லம்மா!" என்றார் தேவசகாயம் ஆர்வமாக.

"பாருங்க, இப்பவும் உங்களுக்குத்தான் பயப்படுது" என்றாள் எஸ்தர் என்னிடம்.

அடுத்த சனிக்கிழமைப் பயிற்சிக்கு ரூத்தம்மாவை அழைத்துவரும்படி தேவசகாயத்தைக் குடிபாலாவுக்கு நேரில் அனுப்பினேன். வரமாட்டேன் என்றாராம். "சார் வரச் சொல்லலம்மா. உங்க தாத்தா வரச் சொல்றாருன்னு வெச்சிக்கோங்க" என்று இவர் சொல்லி அழைத்து வந்திருக்கிறார். அந்தச் சமயோசிதம் நான் கற்பித்ததன்று.

காணொளி அழைப்பில் பயிற்சி அறை முழுதும் தெரிந்தது. ரூத்தம்மா நாற்காலியின் நுனியில், கைப்பையை மடியில் இறுகப் பிடித்து, எந்த நேரமும் எழுந்து போகக்கூடியவராக உட்கார்ந்திருந்தார். எனக்கு வணக்கம் மட்டும் சொன்னார்.

தட்டை எப்படிச் சுத்தம் செய்வது என்று முதலில் சொன்னேன். சோப்புநீர், மெல்லிய துணி, நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடைக்கவேண்டும், வட்டமாகத் துடைக்கவே கூடாது. தேவசகாயம் அப்படியே செய்தார். பிளேயரில் புது பேட்டரிகள் போட்டார். மூடினார். இயக்கினார். சின்னத் திரையில் தட்டு இல்லை என்று வந்தது.

அறையில் யாரோ மூச்சுவிட்டார்கள். ரூத்தம்மா கைப்பையின் காதைக் கையில் மாட்டிக்கொண்டார்.

"மூடியைத் திறந்து காட்டும்" என்றேன். தட்டு பளபளப்பான பக்கம் மேலே பார்க்கக் கிடந்தது. ஜன்னலில் தொங்கியபோது அந்தப் பக்கம்தான் முகமாக இருந்தது. அதையே முகமென்று வைத்துவிட்டார். "பெயர் அச்சிட்ட பக்கம் மேலே, தேவசகாயம்."

"பேரு மேல… ஆமா சார்… உங்க பேரு மேலதான் சார் இருக்கணும்."

திருப்பி வைத்தார். ஒலிபெருக்கியில் ஒயரைச் சொருகினார். பிளேயரை இரண்டு கையாலும் குழந்தையைப்போல ஏந்திக்கொண்டார்.

"மேசையின்மேல் வையும்."

"புடிச்சிக்கினே இருக்கேன் சார், வுழுந்துடப்போகுது…"

"வையும். மூடியின்மேல் எழுதியிருப்பது அதுதான்."

வைத்தார். தட்டு சுழன்றது. முதலில் ஆர்மோனியம், பிறகு பல்லவி. அந்த அறையில் இருந்த பலரின் பெற்றோர் குரல் அது. சரணம் நெருங்கியபோது நான் ஒலிபெருக்கியைப் பார்க்கவில்லை, ரூத்தம்மாவின் உதடுகளைப் பார்த்தேன். பாட்டுக்கு ஒரு நொடி முன்னதாகவே அவை அசைந்தன.

கல்லும் முள்ளும் களைந்து தந்தீர்
நெல்லும் கரும்பும் நிறையத் தந்தீர்

விக்கல் இல்லை. அறையில் பின்வரிசையிலிருந்து மட்டும் ஒருவர் பழக்கத்தால் 'க்' என்றார்.

ரூத்தம்மா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். கைப்பையைக் கீழே வைத்தார். "எங்க தாத்தா அந்தக் கரும்புக்காகத்தான் சார் பாட்டே எழுதினாரு" என்றார். "கல்லு பொறுக்கி பொறுக்கி அவரு கையில ரேகையே இருக்காது. அந்தக் கல்ல நீங்க குடுத்தீங்கன்னு ஆண்டவருக்கு தேங்க்ஸ் சொன்னா அவரு ஒத்துக்குவாரா?"

"ஒத்துக்கொள்ளமாட்டார். நானும் ஒத்துக்கொள்ளவில்லை" என்றேன்.

"இன்னொருதரம் போடு தேவசகாயம்" என்றார் அவர்.

இன்னொருதரம் போட்டார். அந்த முறை ஒரு நடத்துனனாகவே கேட்டேன். கரும்பு வருமிடத்தில் இரண்டாம் குரல்களில் ஒன்று மயிரிழை முந்தியிருந்தது. ஒலிப்பதிவுக் கூடத்தில் நான் அதைக் கவனிக்கவில்லை. "ஆல்டோ சற்று முந்துகிறது" என்றேன்.

"நாந்தான்" என்றாள் எஸ்தர். "கரும்புன்னா கொஞ்சம் முந்தத்தான் செய்வேன். நானும் குடிபாலாக்காரிதான?"

திரையின் அந்தப் பக்கத்தில் ரூத்தம்மா முதல்முறையாகச் சிரித்தார்.

7

அதன்பிறகு எல்லாம் சீராகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆனால் பிரசங்கம் நன்றாக இருந்ததென்று போதகருக்கு இன்னமும் கடிதங்கள் வருகின்றனவாம். பழைய அடியே மேல், ஆனால் புதிய அடியில் ஆழம் அதிகம் என்று முன்வரிசைக்காரர் ஒருவர் கருத்துச் சொல்லியிருக்கிறார். விக்கலை எடுத்துவிட்டால் பிள்ளைகளுக்கு அடுத்த அடி எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை என்று தேவசகாயம் முறையிடுகிறார். மலரில் இரண்டு வடிவத்தையும் போடலாமா என்று குழு கேட்டது. பஸ் இயற்றிய அடியை உபதேசியார் பெயரில் அச்சிட நான் சம்மதிக்கவில்லை. சரியான அடியைத் தமிழிலும் தெலுங்கு எழுத்திலும் நானே எழுதி அனுப்பியிருக்கிறேன். தெலுங்கு எழுத்து எனக்கு எப்போதும் நன்றாகவே வரும்.

பிளேயரின் மூடியில் இப்போது இரண்டு சீட்டுகள் இருக்கின்றன. இரண்டாவதைத் தேவசகாயம் தெலுங்கில் எழுதி ஒட்டியிருக்கிறார். படம் எடுத்து அனுப்பினார். 'மேசையின்மேல் வைக்கவும், சார் சொன்னார்' என்று அதில் இருக்கிறது. தட்டைக் கொண்டுவரட்டுமா என்று சம்பந்தி மறுபடி கேட்டார். இம்முறை ஆங்கிலத்தில் பதில் சொன்னேன்: அது சித்தூரிலேயே இருக்கட்டும். ஜன்னலுக்குப் பேத்தி கழுவிய தட்டை இங்கிருந்து அனுப்புகிறேன். புறாக்களுக்கு அது போதும்.

இந்த மலரை வாசிக்கிறவர்கள், தமிழ் வாசிக்கத் தெரியாதவர்களுக்குக் கீழே உள்ளதை உரக்க வாசித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.

சபையில் சொல்லப்படுவதுபோல் அந்தத் தட்டை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. உபதேசியாரின் அடியை நான் சுருக்கவில்லை, அதில் எந்த அர்த்தத்தையும் ஏற்றவில்லை. நிறையத் தரப்பட்டவை நெல்லும் கரும்பும். கல்லும் முள்ளும் களையப்பட்டன.